ஆபத்தான ரகசியத்தை யாரை நம்பிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் நடக்கும் பெரிய மோசடி ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். அடிக்கிற கணவரை விட்டுக் கிளம்பத் திட்டம் போட்டிருக்கலாம். வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்கிற காதல், நேரில் பார்த்த ஒரு குற்றம், நீங்களே செய்துவிட்ட ஒரு காரியம் என்று எதுவாகவும் இருக்கலாம். வெளியே கசிந்தால் யாருடைய உயிருக்கோ, பிழைப்புக்கோ, சுதந்திரத்துக்கோ கேடு வரும் ரகசியங்களைத்தான் இங்கே ஆபத்தானவை என்கிறேன். இவற்றைச் சுமப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. நமக்கு நெருக்கமானவர் என்பதும் ரகசியத்தை ஒப்படைக்கத் தகுந்தவர் என்பதும் வேறு வேறு. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரே எண்ணத்திலிருந்து கிளைத்தவை.

சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம். சில சமயம் அதுதான் சரியான முடிவு. இன்று சொல்லாததை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்று சொல்லிவிட்டதைத் திரும்ப வாங்க வழியில்லை. அதனால் அவசரம் இல்லாதபோது பொறுத்திருப்பதில் நஷ்டம் குறைவு.

ஆனாலும் சுமப்பதற்கு ஒரு விலை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லீப்பியன் ரகசியம் காப்பதைப் பற்றியே பல ஆண்டுகளாக ஆராய்பவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 38 வகை ரகசியங்களைக் காட்டி மக்களிடம் கேட்டார்கள். ஒருவரிடம் சராசரியாக 13 வகை ரகசியங்கள் இருந்தன. அவற்றில் 5 யாரிடமும் எப்போதும் சொல்லப்படாதவை. அடுத்தவர் முன்னால் வாயை அடக்கி மறைக்கிற நேரங்களைவிட, தனியாக இருக்கும்போது அது தானாக நினைவில் வந்து நிற்கிற நேரங்களே அதிகம் என்பதும் தெரியவந்தது. ஆளை வாட்டியதும் அதுதான்.

தூக்கம் கெட்டு, வேலை ஓடாமல், அதையே நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்றால் யாரிடமாவது பேசத்தான் வேண்டும். ஆனால் மனப்பாரம் குறைவதற்கு முழு விவரத்தையும் கொட்ட வேண்டியதில்லை. “பெரிய சிக்கல் ஒண்ணுல இருக்கேன், என்னன்னு இப்ப கேக்காதே, கொஞ்ச நேரம் கூட இரு” என்று சொல்வதே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. பெயரும் ஊரும் ஆதாரமும் இல்லாத அந்தப் பேச்சிலிருந்து கசிய ஒன்றுமில்லை.

சும்மா இருக்கக் கூடாத ரகசியங்களும் உண்டு. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடந்துகொண்டிருக்கிறது, ஒருவரின் உயிர் ஆபத்தில் இருக்கிறது என்றால் கேள்வி “சொல்லலாமா” என்பதல்ல, “எவ்வளவு சீக்கிரம், யாரிடம்” என்பதுதான்.

ஆளைத் தேர்ந்தெடுக்க எங்கிருந்து தொடங்குவது?

ஆளிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் தேவையிலிருந்து தொடங்குங்கள். “நான் சொல்லி முடித்ததும் இவர் என்ன செய்ய வேண்டும்?” இந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் வரும் வரை யாரிடமும் வாய் திறக்க வேண்டாம்.

சும்மா காது கொடுத்துக் கேட்டால் போதும் என்று விடை வந்தால் அதற்கான ஆள் ஒருவர். சட்டப்படி என்ன வழி என்று தெரிய வேண்டுமானால் அவர் வேறொருவர். தப்பு செய்பவரைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால், தடுக்கும் அதிகாரம் உள்ளவர்தான் அதற்குத் தகுந்தவர். அன்பான நண்பரால் அங்கே ஒன்றும் ஆகாது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த ஆதாரம் அழியக் கூடாது என்பது சிலரின் தேவை. அவர்களுக்கு வேண்டியது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஒட்டிய உறையைப் பத்திரமாக வைத்திருக்கக் கூடியவர்.

இந்த எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஆறுதலாகக் கேட்கத் தெரிந்த தோழியிடம் போய்ச் சட்ட யோசனையும் கேட்டால் அவர் என்ன செய்வார்? தனக்குத் தெரியாததைத் தன் அண்ணனிடம் கேட்பார், அண்ணன் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்பார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோரும் உதவத்தான் பார்த்தார்கள். ஆனால் இரண்டே நாளில் நான்கு பேருக்குத் தெரிந்துவிட்டது. துரோகத்தால் உடையும் ரகசியங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பயப்படுகிறோம். அக்கறையால் உடைவதற்கு எதிராக யாரும் முன்னெச்சரிக்கை எடுப்பதில்லை.

ஒருவர் நம்பத் தகுந்தவரா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

அவர் உங்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைவிட, அங்கே இல்லாதவர்களைப் பற்றி உங்களிடம் என்ன பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். “உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்” என்று அடுத்தவர் கதையை அவர் உங்களிடம் சொன்னதுண்டா? அப்படியானால் உங்கள் கதையும் இன்னொருவர் வீட்டில் அதே முன்னுரையோடு சொல்லப்படும். இந்த ஒரு அடையாளத்துக்கு நான் விதிவிலக்கே வைப்பதில்லை. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஸ்லீப்பியனும் ஜேம்ஸ் கிர்பியும் 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, மக்கள் எப்படிப்பட்டவரிடம் ரகசியம் சொல்கிறார்கள் என்று பார்த்தது. இரக்கம் உள்ளவர்களையும், தயங்காமல் துணிந்து பேசக்கூடியவர்களையும் தேடிப் போய்ச் சொல்கிறார்கள். கலகலப்பானவர்களிடமும் மிகவும் மரியாதை பார்ப்பவர்களிடமும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தத் துணிவுக்கு ஆபத்தான ரகசியத்தில் கூடுதல் வேலை இருப்பதாக நினைக்கிறேன். யாராவது “உனக்குத் தெரியும், சொல்லு” என்று துருவித் துருவிக் கேட்கும்போது முகத்துக்கு நேராக “சொல்ல மாட்டேன்” என்று சொல்ல முடிந்தவர் வேண்டும். எல்லோருக்கும் நல்லவராக இருக்க ஆசைப்படுபவர் அந்த இடத்தில் நெளிவார். நெளிவதிலேயே எதிராளிக்குப் பாதி தெரிந்துவிடும்.

இதோடு, அவர் மேல் யாருக்குப் பிடி இருக்கிறது என்றும் யோசியுங்கள். கடன் கொடுத்தவர், வேலை கொடுத்தவர், அவர் எதையும் மறைக்க முடியாத வாழ்க்கைத்துணை என யாரோ ஒருவர் கேட்டால் அவரால் மறுக்க முடியாமல் போகலாம். குடித்தால் வாய் தளர்பவரா? கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுபவரா? நன்றாக இருக்கும் நாளில் எல்லோரும் ரகசியம் காப்பார்கள். உங்களோடு சண்டை போட்டுக்கொண்ட மறுநாளும் காப்பாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. முன்பு அவருக்கு நெருக்கமாக இருந்து பிரிந்து போனவர்களைப் பற்றி அவர் இப்போது எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தால் அதற்குப் பதில் கிடைக்கும்.

கடைசியாக, இது வெளியே வந்தால் அவருக்கு லாபமா, நஷ்டமா? லாபம் இருக்கிறதென்றால் அவர் கெட்டவர் என்று ஆகிவிடாது. ஆனால் அந்த ஆசையை எதிர்த்து நிற்கும் வேலையையும் சேர்த்து நீங்கள் அவர் தலையில் வைக்கிறீர்கள்.

சின்ன ரகசியம் ஒன்றைச் சொல்லிச் சோதித்துப் பார்க்கலாமா?

உண்மையான, சிறிய, உங்கள் சொந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். பொய்யான ஒன்றைக் கட்டிச் சொல்லாதீர்கள். பிடிபட்டால் பின்னால் நிஜத்தைச் சொல்லும்போது நம்ப மாட்டார்கள். இந்தச் சோதனையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். சின்ன விஷயத்தை வெளியே விட்டவர் பெரியதையும் விடுவார் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். சின்னதைக் காத்தவர் பெரியதைக் காப்பார் என்பதற்கு இதில் சான்று கிடையாது, ஏனென்றால் சின்னதைக் கேட்டு யாரும் அவரை நெருக்கியிருக்க மாட்டார்கள்.

அம்மா அப்பாவிடம், துணையிடம் மறைத்துவிட்டு வெளியாளிடம் சொல்வது துரோகம் ஆகாதா?

ஆகாது. அன்பு அதிகம் இருக்கும் இடத்தில் பதற்றமும் அதிகம். மகளுக்கு ஆபத்து என்று கேட்ட அப்பா அந்த நிமிடமே எதிராளியின் வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடலாம். அவர் நம்பிக்கையை முறிக்கவில்லை, மகளைக் காப்பாற்றப் போனார். ஆனால் ரகசியம் உடைந்துவிட்டது.

தெரியாமல் இருப்பதே பாதுகாப்பாக அமைவதும் உண்டு. விசாரணை வந்தால், மிரட்டல் வந்தால், “எனக்குத் தெரியாது” என்று உண்மையாகவே சொல்ல முடிகிறவருக்கு நடிக்க வேண்டிய தேவை இல்லை. வயதான பெற்றோரை அந்த நிலையில் வைப்பது பல சமயம் அவர்களுக்குச் செய்யும் நன்மை. பின்னாளில் தெரியவரும்போது வருத்தப்படுவார்கள்தான். காரணத்தை எடுத்துச் சொல்ல அப்போது நீங்கள் உயிரோடும் நலமாகவும் இருப்பது முக்கியம்.

ஒரே ஒரு விலக்கு. அந்த ஆபத்து அவர்களையும் தொடுமானால், எந்த அளவுக்குத் தொடுமோ அந்த அளவுக்காவது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முகம் தெரியாத ஒருவரிடம் இணையத்தில் சொல்வது பாதுகாப்பானதில்லையா? அவருக்கு என்னைத் தெரியாதே.

அவருக்கு உங்களைத் தெரியாது என்பது உண்மை. உங்களுக்கும் அவரைத் தெரியாது என்பதை மறந்துவிடுகிறோம்.

அமெரிக்க ராணுவத்தில் பகுப்பாய்வாளராக ஈராக்கில் இருந்த செல்சி மேனிங் 2010 மே மாதம், தான் நேரில் பார்த்தே இராத ஏட்ரியன் லாமோ என்ற முன்னாள் ஹேக்கரிடம் இணைய உரையாடலில் மனம் திறந்தார். ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்துக்கு ராணுவ ஆவணங்களைக் கொடுத்ததை அவரிடம் சொன்னார். தான் பத்திரிகையாளர், மதகுருவும்கூட, எனவே இதைப் பேட்டியாகவோ பாவமன்னிப்பாகவோ வைத்துக்கொள்ளலாம் என்று லாமோ அந்த உரையாடலிலேயே நம்பிக்கை ஊட்டியிருந்தார். சில நாட்களில் அந்த உரையாடல் அதிகாரிகளிடம் இருந்தது. மேனிங் கைதாகி, 2013இல் 35 ஆண்டு தண்டனை பெற்றார். 2017இல் தண்டனை குறைக்கப்பட்டு வெளியே வந்தார். லாமோ செய்தது சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தனிமை தாங்காத ஒரு வேளையில், புரிந்துகொள்வார் என்று தோன்றிய ஒருவரிடம் எழுதிய வரிகள் அப்படியே ஆதாரமாகிவிட்டன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

முகம் தெரியாதவரிடம் பேசத்தான் வேண்டுமென்றால் பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் உதவி எண்ணை அழையுங்கள். பெயர் சொல்லாமல் பேச முடியுமா, எந்தச் சூழலில் காவல்துறைக்குத் தெரிவிப்பார்கள் என்று முதல் நிமிடத்திலேயே கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

வக்கீல், மருத்துவர், மனநல ஆலோசகர், மதகுரு: இவர்களிடம் சொன்னது வெளியே போகாதல்லவா?

ஒவ்வொருவருக்கும் எல்லை வேறு. நாட்டுக்கு நாடும் வேறு.

வக்கீலிடம் சொன்னதற்குத்தான் பொதுவாக வலுவான பாதுகாப்பு. நடந்து முடிந்த காரியத்தைப் பற்றி நீங்கள் சட்ட ஆலோசனைக்காகச் சொன்னதை அவர் வெளியிடக் கூடாது. ஆனால் இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு அவரிடம் வழி கேட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தியச் சட்டத்திலும் அப்படித்தான். உங்களோடு ஒரு நண்பரைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டு பேசினால் சில நாடுகளில் பாதுகாப்பே போய்விடலாம். அதனால் தனியாகப் போங்கள். இன்னொன்று, உங்கள் நிறுவனத்தின் வக்கீல் உங்கள் வக்கீல் அல்ல. அவருடைய கட்சிக்காரர் நிறுவனம். எவ்வளவு பரிவாகப் பேசினாலும் உங்கள் பேச்சை அவர் நிறுவனத்துக்காகவே கேட்கிறார்.

மனநல ஆலோசகர் ரகசியம் காப்பார், ஆனால் எல்லைக்குட்பட்டுத்தான். 1969இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர், தன் காதலை ஏற்காத பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டட்டியானா டாரசாஃப் என்ற அந்தப் பெண் கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில் 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்று வரும்போது அவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. பிறகு பல இடங்களில் இதையொட்டி விதிகள் வந்தன. எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது.

கத்தோலிக்கக் குருவிடம் பாவமன்னிப்பு அருட்சாதனத்தில் சொன்னதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது. மீறினால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். ஆனால் அந்தக் கட்டுப்பாடு அந்தச் சடங்குக்குள் சொன்னதற்குத்தான். அதே குருவிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசியதற்கு அது பொருந்தாது.

யாராக இருந்தாலும் விவரத்துக்குள் போகும் முன் “நான் சொல்வதில் எதை நீங்கள் வெளியே சொல்லியாக வேண்டியிருக்கும்?” என்று கேட்டுவிடுங்கள். நல்ல தொழில்முறையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேலை செய்யும் இடத்தில் நடக்கும் ஊழலை மேலிடத்துக்குச் சொன்னால் பெயர் வெளிவராமல் காப்பார்களா?

காப்பார்கள் என்ற எண்ணத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். எப்படிக் காப்பார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சத்யேந்திர துபே இந்தியத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்தவர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளை 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் புகாரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தன்னைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் இணைத்து, பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்தத் தாளும் சேர்ந்தே மேசை மேசையாகப் போனது. அவர் யாரைப் பற்றிப் புகார் சொன்னாரோ அந்த வட்டாரத்துக்கே அவர் பெயர் எட்டியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியின்போது நடந்த கொலை என்று சி.பி.ஐ. முடிவுக்கு வந்தது, குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. கொலைக்கான காரணம் எதுவாக இருந்தாலும், ரகசியம் காக்கப்படவில்லை என்பதில் ஐயமில்லை. 2004இல் இந்திய அரசு, புகார் கொடுப்பவரின் அடையாளத்தை மறைத்து விசாரிக்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குக் கொடுத்தது இந்தக் கொலைக்குப் பிறகுதான்.

துபே தவறான ஆளை நம்பினார் என்று நான் சொல்ல மாட்டேன். நாட்டின் மிக உயர்ந்த அலுவலகத்தைத்தான் நம்பினார். ஆனால் அலுவலகம் என்பது ஒரு ஆள் அல்ல. கடிதத்தைப் பிரிப்பவர், பதிவேட்டில் எழுதுபவர், நகல் எடுப்பவர், அடுத்த துறைக்கு அனுப்புபவர் என்று அத்தனை பேரும் சேர்ந்ததுதான் அலுவலகம். அவர்களில் ஒருவரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் ஒரு அமைப்பிடம் போகும்போது, புகாரை யார் பிரிப்பார், பெயர் எந்தத் தாளில் இருக்கும், அந்தத் தாள் எந்த மேசையோடு நின்றுபோகும் என்று கேளுங்கள். திட்டவட்டமான பதில் இல்லையென்றால் பெயரைக் கொடுக்க வேண்டாம். முதலில் வெளியே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

மனிதவளத் துறை பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள். சொல்ல வேண்டிய தேவை வரலாம். ஆனால் ரகசியமாக இருக்கும் என்ற நினைப்போடு சொல்லாதீர்கள்.

பத்திரிகையாளரிடம் கொடுத்தால்?

நல்ல பத்திரிகையாளர்கள் தகவல் கொடுத்தவரின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் விவகாரத்தில் வாஷிங்டன் போஸ்ட் நிருபருக்குத் தகவல் கொடுத்தவர் எஃப்.பி.ஐ. அதிகாரி மார்க் ஃபெல்ட் என்பது, அவரே 2005இல் வெளிப்படுத்தும் வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உறுதியாகாமலே இருந்தது.

ஆனால் எண்ணம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, கைப்பக்குவமும் வேண்டும். 2017இல் ரியாலிட்டி வின்னர் என்ற அமெரிக்க ஒப்பந்தப் பணியாளர் ஒரு ரகசிய அறிக்கையை அச்செடுத்து ஒரு செய்தி நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினார். ஆவணம் உண்மையா என்று சரிபார்க்க அதன் நகலை அவர்கள் அரசுத் தரப்புக்கே காட்டினார்கள். தாளில் மடிப்புத் தடம் தெரிந்தது. அச்செடுத்துக் கையோடு வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அதிலேயே புரிந்துவிட்டது. அந்த அறிக்கையை அச்செடுத்தவர்கள் மொத்தம் 6 பேர். அவர்களில் ஒருவருடைய அலுவலகக் கணினியில்தான் அந்தச் செய்தி நிறுவனத்தோடு மின்னஞ்சல் தொடர்பு இருந்தது. தண்டனை 5 ஆண்டு 3 மாதம்.

எனவே நிருபரிடம் கேட்க வேண்டியது “என் பெயரைக் காப்பீர்களா?” என்பது மட்டுமல்ல. “நான் கொடுப்பதை யாரிடமெல்லாம் காட்டுவீர்கள், எந்த வடிவத்தில்?” என்றும் கேளுங்கள். இந்த விஷயம் தெரிந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று நீங்களும் எண்ணிப் பாருங்கள். ஆறு பேருக்குள் என்றால், உங்கள் பெயரை யாரும் சொல்லாமலேயே உங்களைக் கண்டுபிடிக்க முடியும்.

எத்தனை பேரிடம் சொல்லலாம்?

வேலைக்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை பேரிடம், ஒவ்வொருவருக்கும் அவர் பங்குக்குத் தேவையானதை மட்டும். வீட்டைவிட்டுக் கிளம்ப வண்டி ஓட்டுபவருக்கு நேரமும் இடமும் தெரிந்தால் போதும், எங்கே தங்கப் போகிறீர்கள் என்பது தேவையில்லை.

ஆதாரத்தைக் காக்க வேண்டியவர்களுக்கு ஒரு யோசனை. ஆதி ஷமீர் என்ற இஸ்ரேலிய மறையீட்டு (தகவலைப் பூட்டிக் காக்கும் துறை) அறிஞர் 1979இல், ஒரு ரகசியத்தைப் பல துண்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுக்கும் கணித முறையைக் கண்டுபிடித்தார். ஐந்து பேரிடம் கொடுத்து, எந்த மூவர் சேர்ந்தாலும் திறக்கலாம் என்று அமைக்கலாம். இரண்டு பேர் கூடினால் ஒன்றுமே தெரியாது. இரண்டு பேர் தொலைந்து போனாலும் ரகசியம் அழியாது. யாரோ ஒருவரை முழுதாக நம்ப வேண்டிய கட்டாயத்தை இது நீக்கிவிடுகிறது. கணிதம் வேண்டாதவர்கள் பூட்டிய கோப்பை ஒருவரிடமும் கடவுச்சொல்லை அவரை அறியாத இன்னொருவரிடமும் கொடுத்து வைக்கலாம். இவ்வளவு துல்லியம் இல்லாவிட்டாலும் பயன் உண்டு. இருவரில் ஒருவரை இழந்தாலும் திறக்க முடியாமல் போகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஆளை முடிவு செய்துவிட்டேன். எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். இதைத்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். ஆபத்தான ரகசியத்தைக் கேட்டவரும் அந்த ஆபத்துக்குள் வந்துவிடுகிறார். “கேட்டால் உங்களுக்கும் சிக்கல் வரலாம். வேண்டாம் என்றால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்” என்று சொல்லி, மறுக்க உண்மையாகவே இடம் கொடுங்கள்.

1942இல் ஆம்ஸ்டர்டாமில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்கின் தந்தை ஓட்டோ ஃபிராங்க் தன் குடும்பத்தோடு அலுவலகத்தின் பின்கட்டில் ஒளிந்துகொள்ள ஏற்பாடு செய்தார். திட்டத்தைத் தன்னிடம் வேலை பார்த்த மீப் கீஸிடம் முன்கூட்டியே சொல்லி, எங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்பாயா என்று கேட்டார். மீப் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அலுவலகத்தில் யோஹன்னஸ் க்ளைமன், விக்டர் குக்லர், பெப் வோஸ்குய்ல் ஆகியோருக்கும், மீப்பின் கணவருக்கும், மறைவாசலை மூடும் புத்தக அலமாரியைச் செய்த பெப்பின் தந்தைக்கும் தெரியும். அதே கட்டடத்தின் கிடங்கில் பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்லவில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களோடு மொத்தம் 8 பேர், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கே உயிரோடு இருந்தார்கள். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார்கள். ஓட்டோ மட்டுமே திரும்பினார். அவர்கள் இருப்பது எப்படி வெளியே தெரிந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. உதவியவர்கள் யாரும் வாக்குத் தவறியதற்குச் சான்று இல்லை. விருப்பப்பட்டு ஏற்றவர்கள் அப்படி நிற்பார்கள். தலையில் கட்டப்பட்டவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அனுமதி கிடைத்ததும், எல்லையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். “யாரிடமும் சொல்லாதே” என்பது தெளிவில்லாத பேச்சு. பலர் அதில் தங்கள் கணவரையோ மனைவியையோ சேர்ப்பதே இல்லை. “உங்கள் மனைவியிடமும் வேண்டாம், நான் சொல்லும் வரை” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். யாராவது துருவினால் என்ன பதில் சொல்வது என்றும் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸாப்பில் சொல்லலாமா?

முடிந்தவரை வேண்டாம். நேரில் பேசுங்கள். செய்தியைப் பூட்டி அனுப்பும் மறையாக்கம் (encryption) வழியில் யாரும் படிக்காமல் தடுக்கும். போய்ச் சேர்ந்த போனில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்காது. தானே மறையும் செய்தியை இன்னொரு போனால் படம் பிடிக்கலாம். உங்கள் போனை வீட்டில் வேறொருவர் எடுத்துப் பார்ப்பார் என்றால் எந்தச் செயலியும் உதவாது. நேரில் சந்திக்கும்போது போன்களை வேறு அறையில் வையுங்கள்.

அடிக்கும் துணையை விட்டுக் கிளம்பப் போகிறேன். யாரிடம் சொல்வது?

மிகக் குறைவானவர்களிடம். பிரியும் நேரமும் பிரிந்த உடனடிக் காலமும்தான் மிக ஆபத்தானவை என்பதை இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதனால் நாளும் இடமும் கசியவே கூடாது. இருவருக்கும் பொதுவான நண்பர்கள் வேண்டாம். “பேசிச் சமாதானம் செய்து வைக்கிறேன்” என்று முன்பு எப்போதாவது சொன்ன உறவினர் வேண்டவே வேண்டாம்; அவர் நல்லது செய்வதாக நினைத்தே போன் போட்டுவிடுவார். சிறு குழந்தைகளிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ரகசியத்தைச் சுமக்கும் பாரத்தை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது.

உங்கள் நாட்டின் பெண்கள் உதவி எண்ணுக்கு, உங்களுடையதல்லாத போனிலிருந்து பேசுங்கள். அவர்களுக்கு உங்கள் குடும்பத்தில் யாரையும் தெரியாது, யாரையும் சமாதானப்படுத்தும் ஆசையும் கிடையாது. திட்டம் போட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்கள்.

நம்பிச் சொன்னவர் வெளியே சொல்லிவிட்டார். இப்போது?

முதலில் பாதுகாப்பு, பிறகுதான் கோபம். யாருக்கு, எவ்வளவு, எப்போது தெரிந்தது என்று சொன்னவரிடமே அமைதியாகக் கேளுங்கள். திட்டினால் மீதியை மறைத்துவிடுவார், அந்த மீதிதான் உங்களுக்கு வேண்டியது. நாள், இடம், கடவுச்சொல், போகும் வழி என மாற்றக் கூடிய எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் எதிர்ப்பு இயக்கத்தினர் பிடிபட்டவர் என்றென்றைக்கும் வாய் திறக்க மாட்டார் என்று எதிர்பார்க்கவில்லை. ஓரிரு நாள் தாக்குப்பிடித்தால் போதும், அதற்குள் மற்றவர்கள் இடம் மாறிவிடுவார்கள் என்பதே ஏற்பாடு. யாரிடம் சொன்னாலும், இது உடைந்தால் எனக்கு எத்தனை மணி நேரம் இருக்கும், அதற்குள் என்ன செய்வேன் என்று அன்றே யோசித்து வைத்திருப்பவர் இந்த நாளில் தடுமாற மாட்டார்.

அவர் மிரட்டலுக்குப் பணிந்து சொல்லியிருந்தால், அவரும் பாதிக்கப்பட்டவர்தான். அவருக்கும் பாதுகாப்பு தேவைப்படலாம்.

ஒருவர் என்னிடம் ரகசியம் சொல்ல வருகிறார். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கலாமா?

கேட்பதற்கு முன்பே கொடுக்காதீர்கள். குறிப்பாக, வருவது குழந்தை என்றால் கொடுக்கவே கூடாது. பாலியல் கொடுமை பற்றி ஒரு குழந்தை சொன்னால் அதை உரியவர்களிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2012இல் வந்த போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்திருப்பது தெரிந்த யாருக்கும் அந்தக் கடமை உண்டு. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தக் குழந்தை அடுத்த பெரியவரை நம்பாது. “நீ சொல்றதை நான் நம்புவேன். உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன், உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்” என்பது நீங்கள் காப்பாற்றக் கூடிய வாக்கு.

பெரியவர்களிடமும் இதே நேர்மை வேண்டும். உங்களால் தாங்க முடியாத விஷயம் என்று தோன்றினால் பாதியில்கூட நிறுத்தச் சொல்லலாம். “இதுக்கு நான் சரியான ஆள் இல்லை, ஆனா சரியான ஆளைத் தேட உங்ககூட வர்றேன்” என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டீர்கள் என்றால் குறிப்பு எழுதி வைக்காதீர்கள், அவர் பேச்சை எடுக்காதபோது நீங்களாக எடுக்காதீர்கள், கூட்டத்தில் அவரைப் பார்த்துச் சாடைமாடையாகக் கண்காட்டவும் வேண்டாம். சில நாள் கழித்துத் தனியாகப் பார்க்கும்போது “எப்படி இருக்கீங்க?” என்று மட்டும் கேளுங்கள். பேச வேண்டும் என்றிருந்தால் அவரே பேசுவார்.